கந்தப்பனின் முஷ்டி

அத்தியாயம் 4

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கணேசமூர்த்தி செத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் கொலைகாரன், கொலைக்கான காரணம், கண்ணால் கண்ட சாட்சி மூன்றும் தயாராகிவிட்டன. கழுகுப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்துக் கூரைக்கு ஒரு தகரம் கேட்டால் மூன்று வருடம் ஆகும். ஒரு தொழிலாளியைக் கொலைகாரனாக்க மட்டும் எட்டு மணி நேரம் போதுமென்றால் அந்த நிர்வாகத்தின் சுறுசுறுப்பை மெச்சத்தான் வேண்டும்.

துரைராசாவும் ரஜிதாவும் பூண்டுலோயாப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது காலை ஏழு மணி. 2003 பெப்ரவரிக் குளிர் காதைக் கடித்தது. துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைத் துருவியே தலை நரைத்து, இப்போது ஹற்றனில் ஒரு இரும்புக் கடைக்கு மேல் மாடியில் தனியார் விசாரணை நிலையம் நடத்துகிறார். மூளை உண்டு. அதைவிட அதிகமாகத் தன் மூளையைப் பற்றிய மதிப்பும் உண்டு. உதவியாளர் ரஜிதா கொட்டகலைக்காரி, முப்பத்தொரு வயது. தபாலகத்தில் டெலிபோன் ஒப்பரேட்டராக எட்டு வருடம் மற்றவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், மிச்ச வாழ்நாளைத் தான் பேசுவதற்கென்று ஒதுக்கிக்கொண்டவள்.

அவர்களை அமர்த்தியவள் வீரம்மா. உள்ளே அடைபட்டிருந்த கந்தப்பனின் தங்கை, கொழுந்து எடுப்பவள், ஆறு மாதக் கர்ப்பிணி. வாசல் வாங்கில் விடியற்காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, எங்கண்ணன் ஒரு கோழிக் கழுத்தக்கூடத் திருகினதில்லீங்க."

"கோழிக்குச் சாட்சி இல்லைப் பிள்ளை, கண்டாக்குக்கு இருக்கு," என்றார் துரைராசா. "ரெண்டு மணிக்கு நீதவானுக்கு முன்னாலை கொண்டுபோய் நிப்பாட்டுவினம். அதுக்கு முதல் ஏதாவது செய்யவேணும்."

ரெண்டு மணிக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது வீரம்மாவுக்கும் தெரியும். கொலை வழக்கில் ரிமாண்டுக்குள் போன தோட்டத்து ஆள் திரும்பி வருவதற்குள் லயத்தில் அவன் காம்பராவில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டியிருக்கும்.

கான்ஸ்டபிள் சாட்சி வாக்குமூலத்தைக் காட்டினார். சாட்சி சொன்னவர் கங்காணி மூக்கன். நேற்றுக் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு, பாறை விளிம்பிலுள்ள கல்லுக்கட்டின் மேல் கண்டாக்கையா நின்றிருந்தாராம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன கந்தப்பன் அவருடைய கோட்டைப் பிடித்து உலுக்கினானாம். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினானாம். அவர் கீழே போனதும் இரண்டு கையையும் தட்டிவிட்டுக்கொண்டானாம்.

அதற்குக் கீழேயே இன்னொரு குறிப்பு இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பார்த்தபோது கந்தப்பனின் வலது முஷ்டிக்குள் கோட்டுத் துண்டு ஒன்று இருந்தது.

"கையத் தட்டிக்கிட்டவன் கையில துண்டு எப்பிடி ஒட்டியிருந்துச்சு?" என்றாள் ரஜிதா. "பசை தடவியிருந்தானா?"

"கீழே கிடந்ததைப் பிறகு எடுத்திருப்பான்," என்றார் கான்ஸ்டபிள்.

"ஞாபகார்த்தமாவா?"

கான்ஸ்டபிள் அவளை முறைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் போனார். கந்தப்பனுக்கு முப்பத்தைந்து வயதுதான். முன்மண்டை அதற்குள் வழுக்கை, கன்னம் ஒட்டி, கண் இமை பாதி இறங்கிய முகம். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. செய்த கொலைக்கு வருத்தமே இல்லாத முகம் என்று அதைப் பார்த்து நேற்றே நிலையம் முழுவதும் தீர்ப்பெழுதிவிட்டது.

"கல்லு சரிஞ்சுச்சுங்க," என்றான் வாய்க்குள்ளேயே. "நான் கோட்ட எட்டிப் புடிச்சேன். புடிச்சேங்க. கோட்டு கிழிஞ்சு போச்சுங்க."

"இதை ஏன் எழுதேல்லை?" என்று துரைராசா கேட்டார்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவார்கள்," என்றார் கான்ஸ்டபிள்.

அப்போதுதான் அது நடந்தது. கந்தப்பன் குடித்து முடித்த பிளேன்ரீக் கிளாசைக் கான்ஸ்டபிள் கம்பி இடுக்கால் கைவிட்டு வாங்கினார். கிளாஸ் வரவில்லை. இழுத்தார். வரவில்லை. "விடுடா!" என்று விரல்கணுவில் ஓங்கி ஓர் அடி போட்டார். ரஜிதா பார்த்தது அந்த அடியை அல்ல. கந்தப்பன் கான்ஸ்டபிளைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோல. விரல்கள் ஒவ்வொன்றாக, சோம்பேறித்தனமாக விரிய அரை நிமிடம் ஆயிற்று.

"சேர், திமிர் புடிச்சவன் எதிராளி மூஞ்சியப் பாப்பான்," என்றாள் ரஜிதா வெளியே வந்ததும். "இவன் தன் கையப் பாத்துப் பயப்படுறான்."

துரைராசா அதைத்தான் தானும் சொல்ல நினைத்ததுபோலத் தலையாட்டினார். அது அவர் வழக்கம்.

கழுகுப்பாறைக்கு ஆட்டோவில் போகும்போது வீரம்மாவின் வாயைக் கிளறினார்கள். கையைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. குளிரில் கத்தியைப் பிடித்தால் அண்ணனுக்குக் கை விரியாதாம். மருந்துக்கு ஓடினால் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா இரண்டு தடவையும் சீட்டில் "சோம்பல், நடிப்பு" என்று எழுதிக் கொடுத்தாராம்.

"ரெண்டும் என்ன வியாதின்னு தெரியாம நானும் ஊரெல்லாம் கேட்டேங்க," என்றாள் வீரம்மா.

"டிஸ்பென்சருக்கு வந்திருக்கிற வியாதி அது," என்றாள் ரஜிதா. "உங்கப்பாவுக்கும் கை இப்பிடித்தானா?"

"கை தெரியாதுங்க. உக்காந்த எடத்துலயே தூங்குவாரு. நாப்பது வயசுல ரெண்டு கண்ணுலயும் படலம். நாப்பத்தெட்டுல ஒரு நாளு பெரட்டுக்களத்துல நின்னவரு அப்பிடியே விழுந்து போய்ட்டாரு. தூங்குமூஞ்சி தூங்கிட்டான்னு கங்காணி சிரிச்சாராம்."

துரைராசா குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதை நிறுத்தினார்.

தோட்டத்து நிர்வாகியான தொரை அவர்களைப் பங்களா வராந்தாவிலேயே நிறுத்திப் பேசினார். உட்காரச் சொன்னால் நாற்காலி தேய்ந்துவிடும்.

"அந்தக் கந்தப்பன் ஆரம்பத்திலிருந்தே கலகக்காரன். மூன்று மாதத்துக்கு முன் பெரட்டில் எனக்கு எப்படிச் சலாம் போட்டான் தெரியுமா?" தொரை தன் முஷ்டியை நெற்றிக்கு மேல் உயர்த்திக் காட்டினார். "இருநூறு பேர் பார்க்க! கணேசமூர்த்தி அங்கேயே எச்சரிக்கைக் கடிதம் எழுதி, மூன்று நாள் வேலையை நிறுத்தினார். அந்த வஞ்சம்தான்."

"காலையில எத்தனை மணிக்குப் பெரட்டு?" என்று கேட்டாள் ரஜிதா.

"ஆறரை."

"அன்னைக்குக் கவ்வாத்துக் கத்திய எந்தக் கையில வச்சிருந்தான்?"

"வலது கையில். நான் வந்ததும் அதைக் கீழே போட வேண்டும் என்பது ஒழுங்கு. இடது கையால் உருவி எடுத்துக் கீழே போட்டான். இந்தத் தோட்டத்தில் உள்ளங்கையை விரித்துச் சலாம் போடுவதுதான் நூறு வருட வழக்கம். முஷ்டி காட்டியவனை எனக்குத் தெரியாதா? அது அரசியல்."

ஒருவன் தன் கத்தியைத் தன் வலது கையிலிருந்து இடது கையால் உருவுகிறான். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு தோட்டத்துத் தொரைக்கும் ஒரு கண்டாக்கையாவுக்கும் அதில் தெரிந்தது புரட்சி. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

பாறை விளிம்புக்கு ஏறியபோது அங்கே மூன்று பேர் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாந்து இன்னும் ஈரம். சரிந்து கிடந்த பழைய கற்களில் பாசியும் மண்ணும் ஒட்டியிருந்தன.

"கூரைத் தகரத்துக்கு மூணு வருஷம்," என்றாள் ரஜிதா. "கொலை நடந்த இடத்துல கல்லுக்கட்டுக்கு மட்டும் ஒரே நாள். என்ன பாசம் சேர் கல்லு மேல!"

கல் அடுக்கிய ஒருவன் தலை நிமிராமலே, "இதக் கட்டச் சொல்லிக் கண்டாக்கையா போன மாரியிலயிருந்து எழுதிக் குடுத்துக்கிட்டிருந்தாருங்க," என்று முணுமுணுத்துவிட்டு, கல்லைப் பார்த்துப் பேசியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துரைராசா கீழே எட்டிப் பார்த்தார். "விபத்து எண்டால் தோட்டம் பதில் சொல்லவேணும். கொலை எண்டால் கந்தப்பன் பதில் சொன்னால் போதும். விளங்குது. ஆனா விளங்கி என்ன செய்யிறது? மூக்கன்ரை வாக்கை உடைக்கவேணும். அதுக்கு அந்தக் கை என்ன கை எண்டு தெரியவேணும்."

மணி பத்தரை. பூண்டுலோயா பஸாரில் டெலிபோன் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருங்கி நின்றார்கள். கண்டியில் நரம்பு வைத்தியம் பார்க்கும் டொக்டர் புனிதவதி துரைராசாவுடன் ஒரே வகுப்பில் படித்தவர். அவர் கதை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கை, வழுக்கை, இறங்கிய இமை, தகப்பனின் கண் படலம், தூக்கம், திடீர்ச் சாவு.

"இது சோம்பலுமில்லை, நடிப்புமில்லை," என்றார் டொக்டர். "மயோட்டோனிக் டிஸ்ட்ரபி எண்டு சொல்லுறது. பத்தொன்பதாவது நிறமூர்த்தத்திலை, அதுதான் குரோமோசோமிலை, டி.எம்.பி.கே. எண்டு ஒரு மரபணு இருக்கு. அது கைனேஸ் வகைப் புரதம் ஒண்டைச் செய்யும். தசையிலையும் இதயத்திலையும் கூட இருக்கும். கைனேஸ் எண்டால் மற்றப் புரதங்களிலை ஒரு பொஸ்பேற்றை ஒட்டிவிடுற சாமான். ஒட்டினால் சிலது வேலை தொடங்கும், சிலது நிக்கும்."

"ஆபீஸ்ல பெரிய கிளாக்கர் சீல் குத்துற மாதிரி," என்று ரஜிதா வாயை ரிசீவர் பக்கம் நீட்டினாள்.

"ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ. அந்த மரபணுவின்ரை வால்ப்பக்கத்திலை மூண்டு எழுத்து திரும்பத் திரும்ப வரும். சுகமான ஆளுக்குக் கூடினால் முப்பத்தேழு தரம். நோய்க்காரருக்கு அம்பதுக்கு மேலை, சிலருக்கு ஆயிரக்கணக்கிலை."

"அப்ப கைனேஸ் பழுதாகி இந்த நோய் வருது," என்று துரைராசா முடித்துவைத்தார்.

"பள்ளிக்கூடத்திலையும் நீங்கள் உப்பிடித்தான். கேள்வியைக் கேட்டுப்போட்டு விடையை நீங்களே சொல்லுவியள். நாங்களும் முதலிலை கைனேஸைத்தான் குற்றவாளி எண்டு நினைச்சம். எலியிலை அந்த மரபணுவை முழுக்க எடுத்துப் பாத்தினம். எலிக்கு இந்த நோய் இப்பிடி வரேல்லை. இப்ப சொல்லுறது என்னெண்டால், அந்த நீண்ட வாலின்ரை பிரதி கலத்தின்ரை கருவுக்குள்ளையே தங்கி, மற்ற மரபணுக்களுக்கு வேலை செய்யவேண்டிய ஆக்களைப் பிடிச்சு வைச்சிருக்குதாம். அதாலை தசையிலை குளோரைட் போய்வாற வாசல் பிழையா அமையுது. சுருங்கின தசை தளரச் சுணங்குது. கண், இதயம், சீனி வியாதி எல்லாத்திலையும் இதின்ரை கை இருக்கு."

"அப்ப கைனேஸும் நம்ம கந்தப்பன் மாதிரி," என்றாள் ரஜிதா. "சம்பவம் நடந்த எடத்துல நின்னதுக்காகச் சந்தேகநபர்."

டொக்டர் சிரித்தார். துரைராசாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வழக்கு அவர் தலைக்குள் முடிந்துவிட்டது. "நன்றி புனிதம், போதும். பிடிச்சால் விடேலாத கை! கையைத் தட்டிக்கொண்டான் எண்டது பச்சைப் பொய். நான் எல்லாருக்கும் முன்னாலை காட்டுறன்."

"பொறுங்கோ, இன்னும் ரெண்டு விசயம்..."

ரிசீவரை வைத்தேவிட்டார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தார். ரஜிதா பெட்டிக்குள்ளேயே நின்று அதே இலக்கத்தை மறுபடி சுழற்றினாள். அடுத்தவர் பேச்சு பாதியில் அறுந்தால் இணைத்துவிடாமல் அவளால் இருக்க முடியாது. எட்டு வருடப் பழக்கம்.

"அந்தாள் வைச்சிட்டுதே?" என்றார் டொக்டர். "சரி, நீங்கள் கேளுங்கோ. பொத்திப் பொத்தி விரிச்சால் கை சூடேறி லேசாகும். நாலைஞ்சு தரம் செய்தால் சுகமான கை மாதிரி விரியும். அதை நம்பி ஆருக்கும் காட்டக்கூடாது. கட்டைவிரல் அடியிலை இருக்கிற சதைமேட்டிலை ஒரு கட்டையாலை தட்டுங்கோ. விரல் உள்ளுக்கு மடங்கி, மெல்ல மெல்லத்தான் திரும்பும். அதை ஒருத்தராலையும் நடிக்கேலாது."

"ரெண்டாவது?"

"இது பிள்ளையளுக்குப் பாதிக்குப் பாதி போகும். தலைமுறைக்குத் தலைமுறை கடுமை கூடும். தாய்க்கு இருந்தால், அது மெல்லிசா இருந்தாலும், பிறக்கிற பிள்ளை துவண்டு போய்ப் பிறக்கலாம். மூச்செடுக்க ஏலாது, பால் குடிக்க ஏலாது. அந்த ஆளுக்குக் கூடப்பிறந்த பொம்பிளையள் இருந்தால் என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ரஜிதா கண்ணாடி வழியே பார்த்தாள். எதிர்க் கடையில் வீரம்மா வடை வாங்கிக்கொண்டிருந்தாள். காலையில் பாறை உச்சிக்கு அவர்கள் இருவருக்கும் முன்னால் ஏறிப்போனவள் அவள்தான். கடைக்காரர் மிச்சக் காசை நீட்டியதும் அவள் கை பட்டென்று விரிந்து வாங்கியது. அப்பாடா என்று ரஜிதா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

பொலிஸ் நிலையத்தில் பகல் பன்னிரண்டரை. வெயில் ஏறிவிட்டது. பொறுப்பதிகாரி, இரண்டு கான்ஸ்டபிள்கள், வாக்குமூலத்தில் கடைசிக் கையெழுத்துப் போட வந்த கங்காணி மூக்கன், வாசலோரம் வீரம்மா. பேச்சு சிங்களத்தில் நடந்தது. கந்தப்பனுக்காக ரஜிதா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சேர், டொக்டர் இன்னொண்ணு சொன்னாங்க," என்று ரஜிதா துரைராசாவின் காதருகே போனாள்.

"பிறகு, பிறகு," என்றார் அவர். சபை கூடியிருந்தது. அவர் மேடையேறிவிட்டார்.

நோயைப் பற்றி ஒரு நல்ல பிரசங்கம் செய்தார். கைனேஸ், நிறமூர்த்தம் எல்லாம் வந்தன. கான்ஸ்டபிள்கள் இருவரும் மரியாதையாக விழித்தார்கள். பிறகு கந்தப்பனைக் கூண்டுக்கு வெளியே வரவழைத்துத் தன் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிச்சிட்டு விடு," என்றார். கந்தப்பன் பிடித்தான். விட ஏழெட்டு விநாடி ஆயிற்று.

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன்," என்றார் பொறுப்பதிகாரி. "என் மகனும் பள்ளிக்கூடம் போகச் சொன்னால் இதைவிட நன்றாக நடிப்பான். இன்னொரு தடவை."

இரண்டாம் தடவை ஐந்து விநாடி. மூன்றாம் தடவை இரண்டு. நான்காம் தடவை கந்தப்பனின் கை பூப்போல விரிந்தது. ஐந்தாம் தடவை அதைவிட வேகம். பாவம், நல்ல பேர் வாங்கலாம் என்று நினைத்து அவன் முழு மனசோடு விரித்தான்.

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் மூக்கன். "நல்ல வைத்தியங்க ஐயா! அஞ்சு வாட்டி புடிச்சாச் சொகமாயிரும் போல!"

துரைராசாவின் முகத்தைப் பார்க்கவே கூடாது. ஊருக்கெல்லாம் பல்லி சொல்லும், தான் மட்டும் கழுநீர்ப் பானையில் விழும். நீட்டிய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் கோட்டுப் பைக்குள் வைத்தார். சுவர்க் கடிகாரம் ஒரு மணியைத் தொட்டது. பொறுப்பதிகாரி ஜீப்பை எடுக்கச் சொன்னார். வாசலில் வீரம்மா சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் ஐயா," என்றாள் ரஜிதா. "எங்க சேர் டெலிபோனப் பாதியில வச்சவரு. மீதிப் பாதி என்கிட்ட இருக்கு. பொத்திப் பொத்தி விரிச்சா இந்தக் கை சூடேறி லேசாயிருமாம், குளிர்ல மொதத் தடவதான் மாட்டிக்குமாம்."

மேசையிலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள். கந்தப்பனின் கையை மேசைமேல் மல்லாத்தி, "கைய சும்மா வையி. நீ ஒண்ணும் செய்யாத," என்றாள். முத்திரையின் மரப்பிடியால் கட்டைவிரல் அடிச் சதையில் ஒரு தட்டு.

கட்டைவிரல் துள்ளி உள்ளே மடங்கியது. அப்படியே நின்றது. பொறுப்பதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விரல் நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் திரும்பிப் போனது. சிரிப்பு நின்றிருந்தது. ரஜிதா தன் கையில் தட்டிக் காட்டினாள். ஒன்றுமில்லை. பொறுப்பதிகாரி முத்திரையை வாங்கித் தன் கையில் தானே தட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. கந்தப்பன் கையில் மறுபடி தட்டினார். மறுபடியும் விரல் மடங்கி நின்றது.

அவர் முட்டாள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியான கேள்வியைக் கேட்டார். "நீயும் நானும் பேனா பிடிக்கிற ஆட்கள். தேயிலையில் உழைத்துக் காய்த்த கை எல்லாமே இப்படித்தான் மடங்குமோ என்னவோ?"

ரஜிதா மூக்கனைப் பார்த்தாள். மூக்கனின் கைகள் இரண்டும் அதற்குள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. அவள் வாயைத் திறக்குமுன் வாசலிலிருந்து வீரம்மா ஓடிவந்தாள்.

"என் கையில தட்டிப் பாருங்க அக்கா! பதினாறு வயசுலயிருந்து கொழுந்து எடுக்கிற கை. எனக்கு ஒண்ணும் ஆகாது பாருங்க. அண்ணனுக்கு மட்டுந்தான் அப்பிடின்னு ஐயாவுக்குத் தெரியட்டும்!"

உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல ரஜிதாவுக்கு ஒரு விநாடி இருந்தது. சுகமான கை ஒன்று தேவைப்பட்டது, சுகமான கை என்று அவளும் நம்பினாள், தட்டினாள்.

வீரம்மாவின் கட்டைவிரல் துள்ளி உள்ளே மடங்கியது. அப்படியே நின்றது.

விரல் மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. வீரம்மா அதை ஆச்சரியமாகப் பார்த்தாள். பொறுப்பதிகாரி ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். லயத்தில் பிறந்து வளர்ந்து, வேலை கிடைக்கும்வரை தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவன் அவன். அவன் கையில் தட்டினார். அசைவில்லை. மூக்கனின் கையைத் தானே இழுத்துப் பிடித்துத் தட்டினார். அங்கேயும் அசைவில்லை.

"வேலையால் வந்ததில்லை," என்றார் தனக்குள் பேசுவதுபோல. "ஒரே தகப்பனின் ரத்தத்தால் வந்தது. இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் வேறு மாதிரியல்லவா பேசியிருப்பாள்?"

துரைராசாவுக்குக் குரல் திரும்பியது. "நேற்றுக் காலை ஏழு மணிக் குளிரில், இன்னும் வேலை தொடங்கிச் சூடேறாத கை, ஐயா. அது கோட்டைப் பிடித்தது உண்மை. பிடித்த பிறகு விரிந்து தள்ளியிருக்காது, தட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. கோட்டுத் துண்டு முஷ்டிக்குள்ளேயே இருந்ததை ஓடிவந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கணேசமூர்த்தியைக் கை விடவில்லை, கோட்டுத்தான் விட்டது."

பொறுப்பதிகாரி மூக்கன் பக்கம் திரும்பித் தமிழிலேயே கேட்டார். "கை தட்டினது நீ எந்தக் கண்ணால பாத்தது?"

மூக்கன் ஒரு முழு நிமிடம் தாக்குப்பிடித்தார். அதுவே அதிகம். "கல்லுக்கட்டு சரிஞ்சதத்தாங்க கண்டேன். பனி வேற. கட்டச் சொல்லி எழுதினது வெளிய வந்தாத் தோட்டத்துக்குக் கேடுன்னு தொரை சொன்னாரு. மகனுக்கு ஃபெக்டரியில எடம் போட்டுத் தர்றேன்னாரு. கையத் தட்டினது மட்டும்... அது நானாச் சேத்துக்கிட்டதுங்க. சொல்றப்ப நல்லா இருந்துச்சு."

பிறத்தியான் மகனைச் சிறைக்கு அனுப்பித் தன் மகனுக்கு ஃபெக்டரியில் இடம் பிடிக்கிற மனிதன், பொய்யிலும் அழகு பார்த்திருக்கிறான். அந்த அழகுதான் அவனைக் கவிழ்த்தது.

பொறுப்பதிகாரி வழக்கேட்டில் கந்தப்பனின் பெயருக்கு எதிரே இருந்த 'சந்தேகநபர்' என்ற சொல்லை வெட்டி, 'சாட்சி' என்று எழுதினார். ஜீப் வெளியே காத்திருந்தது. இப்போது அது தொரை பங்களாவுக்குப் போகவேண்டியிருந்தது.

கந்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்தான். சந்தோஷத்தைக் காட்டத் தெரியாத அந்த முகத்தில் கண்ணீர் மட்டும் வழிந்தது. வீரம்மாதான் இருவருக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

"அக்கா, என் கட்டவெரலுதான் அண்ணனக் காப்பாத்தியிருக்கு! இன்னொரு வாட்டி தட்டுங்க அக்கா, அண்ணன் சரியாப் பாக்கல!"

ரஜிதா முத்திரையை மேசையில் வைத்தாள். துரைராசா அவளைப் பார்த்தார். அவள் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பிள்ளை, டொக்டர் வேறை என்ன சொன்னவ?"

அவள் சொன்னாள். நாலே வாக்கியம். அவர் முழுவதையும் கேட்டார், குறுக்கே ஒன்றும் பேசவில்லை. கேட்டு முடித்ததும் வாசலுக்குப் போய் ஆட்டோக்காரனிடம் கண்டி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

"வீரம்மா," என்றாள் ரஜிதா. "இன்னைக்கு லயத்துக்குப் போக வேணாம். நீயும் அண்ணனும் எங்ககூடக் கண்டிக்கு வாங்க. டொக்டரம்மாவப் பாத்துட்டு வந்துரலாம்."

"அண்ணனுக்கு மருந்து குடுப்பாங்களா அக்கா?"

"அண்ணனுக்கு நெஞ்சப் பாக்கணும். உன்னையும் பாக்கணும். இன்னைக்கே பாக்கணும்."

வீரம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு இன்னும் சிரித்தபடியே கேட்டாள். "எனக்கென்ன அக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்?"